சுழன்றால் குற்றமா?

கூடைப்பந்து சீனப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நம் தோட்டத்து மக்களிடையே நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொல்பவர்களைக் குறைகூற முடியாது. தோட்டத்தில் நமக்கு வாய்த்தது புல்திடல். இரு முனையிலும் கம்பம் நட்டால் காற்பந்து. நடுவில் வலை கட்டினால் கைப்பந்து. சுண்ணாம்பால் கோடு போட்டால் சடுகுடு. கூடைப்பந்து அப்படியல்ல. தட்டிய பந்து கைக்குத் திரும்பி வரவேண்டுமானால் சிமெண்டுத் தளம் வேண்டும். அவசரகாலத்தில், 1950-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த புதுக்கிராமங்கள் பலவற்றில் அந்தத் தளம் இருந்தது. மாலையானால் சிறுவர்களும் அங்கே இருந்தார்கள். பந்து தட்டக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் நம் லயத்துப் பிள்ளைகள் புல்லைத்தான் மிதித்தார்கள். இதில் இனமும் இல்லை, இரத்தமும் இல்லை. தரைதான் காரணம்.

இன்று அந்தக் கதை மாறிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் குடும்பங்கள் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவைச் சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிவந்துவிட்டன. இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நம் பையன்கள் சிமெண்டுத் தளத்தைக் கண்டுவிட்டார்கள். உயரம் இருக்கிறது, கால்வேகம் இருக்கிறது. பள்ளிக் குழுவில் இடமும் கிடைக்கிறது. அத்துடன் ஒரு புது வருத்தமும் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

என்னிடம் ஆறாம் ஆண்டுவரை படித்த மாணவன் ஒருவன் இப்போது படிவம் இரண்டில் இருக்கிறான். அவன் தகப்பனார் பழக்குலை வெட்டுகிறவர். ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார்: “வாத்தியாரய்யா, பையன் அழகா சுத்திப் போயிப் பந்தைப் போடுறான். போட்டவுடனே விசில் ஊதிடுறாங்க. பாயிண்டும் கிடையாது, பந்தும் அவங்களுக்கே. நம்ம புள்ளைங்கிறதாலதானே? போதும், நிறுத்திடலாம்னு இருக்கேன்.”

அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அநியாயம் பழகிப்போன மனிதனின் குரல் அது. ஆனால் நிறுத்திவிடுவது சின்ன விஷயமல்ல. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கு மதிப்பெண் கணக்கிடும்போது தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடும் என்று வைத்திருக்கிறார்கள். ஓர் இடத்துக்கு நூறு பேர் முட்டிமோதும்போது அந்தப் பத்து எவ்வளவு கனமானது என்பது பிள்ளைக்கு விண்ணப்பம் போட்ட பெற்றோருக்குத் தெரியும். அதைவிட, பதினான்கு வயதுப் பையனுக்கு மாலை ஐந்து மணிக்குப் போக ஓர் இடமும், அவனுக்காகக் காத்திருக்க நான்கு கூட்டாளிகளும் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! ஆகவே, “அடுத்த ஆட்டத்தை நானும் வந்து பார்க்கிறேன், அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்” என்று கேட்டுக்கொண்டேன். போய்ப் பார்த்தேன். பையன்மேல் நான்கு முறை விசில் ஊதினார்கள். அந்த நான்கையும் வைத்துத்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சுழற்சி என்னவென்று தெரியாத தாய்மார்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பையன் வலக்கையால் பந்தைத் தட்டிக்கொண்டு கூடையை நோக்கி ஓடுகிறான். எதிராளி குறுக்கே வந்து வழியை மறிக்கிறான். உடனே இவன் இடக்காலை எதிராளியின் காலருகே அழுத்தி ஊன்றி, அவனுக்கு முதுகைக் காட்டி, பம்பரம்போல் ஒரு சுற்றுச் சுற்றுகிறான். பந்து உடம்போடு ஒட்டியே வருகிறது. சுற்றி முடிக்கும்போது எதிராளி பின்னால் இருக்கிறான், பந்து இடக்கைக்கு மாறிவிட்டது, கூடை எதிரே இருக்கிறது. பிள்ளைகள் இதை ‘ஸ்பின்’ என்கிறார்கள். சரியாகச் செய்தால் சிலம்பக்காரர் காலடி மாற்றுவதுபோல் பார்க்கவே அழகாக இருக்கும். அமெரிக்காவில் ஏர்ல் மன்றோ என்ற ஆட்டக்காரர் இந்தச் சுழற்சியாலேயே பேர்வாங்கினார். 1967-இல் பால்டிமோர் குழுவில் சேர்ந்து, பிறகு நியூயார்க் குழுவுக்கு மாறி, 1973-இல் அந்நாட்டு வாகைப்பட்டம் வென்ற குழுவில் இருந்தார். அவரை ‘முத்து’ என்றே அழைத்தார்கள்.

சுழல்வது குற்றமென்றால் அவர் எப்படி ஆடியிருக்க முடியும்? விதிநூலில் எங்கும் சுழலக்கூடாது என்று இல்லை. சுழலும் வழியில் யார் இருந்தார், யார் முதலில் இருந்தார் என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் லயத்துத் தண்ணீர்க்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் அவசரம். உங்களுக்கு முன்னால் ஒருத்தி வாளியை வைத்துவிட்டாள். அவள் அரை மணி நேரமாக நிற்கிறாளா, அரை நிமிஷமாக நிற்கிறாளா என்று யாராவது கேட்பதுண்டா? முன்னால் வைத்தாள், அவ்வளவுதான். அந்த இடம் அவளுடையது. இடித்துக்கொண்டு போனால் சண்டை உங்கள்மேல்தான் வரும்.

கூடைப்பந்திலும் ஏறக்குறைய அதே நியாயம். தடுக்க வருபவன் பந்து வைத்திருப்பவனை முகம்பார்த்து, இரு பாதமும் தரையில் பதிய நின்றுவிட்டால் அந்த இடம் அவனுக்குச் சொந்தமாகிவிடுகிறது. எவ்வளவு நேரம் முன்னால், எத்தனை அடி தூரத்தில் வந்து நின்றான் என்ற கணக்குப் பந்துக்காரனிடம் செல்லாது. பந்து கையில் இருப்பவன் எந்த நொடியும் எவனும் குறுக்கே வரலாம் என்று எதிர்பார்த்துத்தான் ஓடவேண்டும். பந்தில்லாத ஆளை மறிக்கும்போது மட்டும் அவன் நிற்கவோ விலகவோ ஓரிரு எட்டு இடம் விடவேண்டும். பந்துக்காரன் கூடைக்காகத் தரையைவிட்டு எழும்பிவிட்டானென்றால் கணக்கு மாறும். அவன் அந்தரத்தில் இருக்கும்போது அவன் இறங்கும் வழியில் போய் நிற்கக்கூடாது. அப்படி நின்றால் குற்றம் நின்றவனுடையது.

பையனின் முதல் விசில் இதில்தான் விழுந்தது. தன்னை மறித்தவனைச் சுற்றிக் கடந்துவிட்டான், நேர்த்தியாகத்தான் கடந்தான். ஆனால் சுற்றும்போது முதுகு கூடைப்பக்கம், முகம் வேறெங்கோ. அந்த ஒரு நொடியில் எதிர்க்குழுவின் இன்னொருவன் நகர்ந்து வந்து, இரு கால் ஊன்றி, நெஞ்சைக் காட்டி நின்றுவிட்டான். இவன் சுற்றி முடித்த வேகத்தில் நேராக அந்த நெஞ்சில் போய் விழுந்தான். தகப்பனார் பார்த்ததோ மகன் முதல் ஆளை வென்றதை. அதனால்தான் அவருக்கு விசில் அநியாயமாகப் பட்டது. சுழற்சியில் உள்ள பெரிய ஆபத்தே இதுதான். அது ஒருவனை ஏமாற்றும் வித்தை. ஆனால் இரண்டாவது ஆளிடம் ஆடுபவனைக் குருடனாக ஒப்படைத்துவிடுகிறது.

இரண்டாவது விசில் முழங்கைக்கு. இதை நம் பெரியவர்களுக்கு விளக்க எனக்கு அதிகம் சிரமமில்லை. காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரு முனையிலும் பால்வாளி தொங்க, ஒற்றையடிப் பாதையில் நடந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் சட்டென்று திரும்பிவிடுவார்களா? திரும்பினால் வாளி பக்கத்தில் வருபவன் இடுப்பில் அடிக்கும். “நான் சும்மா திரும்பினேன்” என்று சொல்லித் தப்ப முடியுமா? உன் தோளில் இருக்கும் கம்பின் நீளம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சுழலும் பையனின் வெறுங்கை அந்தக் காண்டாக் கம்பு மாதிரி. பந்து ஒரு கையில் இருக்க, மறு கை தானாக விரிகிறது. விரிந்த கை எதிராளியின் இடுப்பைச் சுற்றி வளைத்துப் பிடிக்கிறது. அந்தப் பிடியை வைத்துக்கொண்டே பையன் தன்னை இழுத்துக்கொண்டு சுற்றிவிடுகிறான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் வேகமாகத் திரும்பி ஓடுவார்களே, அதுபோல. கையாலோ முழங்கையாலோ எதிராளியைக் கொக்கிபோட்டுச் சாதகம் தேடக்கூடாது என்று விதி தெளிவாகவே சொல்கிறது. அவன் வேண்டுமென்றே செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். நடுவர் மனத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறார்.

விதிநூலில் ஒரு நல்ல கற்பனை இருக்கிறது. ஒவ்வோர் ஆட்டக்காரனும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பீப்பாய்க்குள் நிற்கிறான். முன்பக்கம் முழங்கை மடக்கிய கையின் உள்ளங்கைவரை, பின்பக்கம் பிட்டம்வரை, பக்கவாட்டில் கைகால்களின் வெளி ஓரம்வரை அவன் பீப்பாய். அதற்குள் அவன் நேராக எழும்பலாம், கையை மேலே தூக்கலாம். பீப்பாய்க்கு வெளியே கையோ காலோ நீட்டி, அதனால் மோதல் வந்தால் நீட்டியவன்மேல் குற்றம். இது பந்துக்காரனுக்கும் உரிய பாதுகாப்பு. தடுப்பவன் வந்து ஒட்டிக்கொண்டு, இவன் திரும்பக்கூட இடமில்லாமல் பீப்பாய்க்குள் புகுந்துவிட்டால் குற்றம் தடுப்பவனுடையது.

மூன்றாவது விசிலுக்குத்தான் தகப்பனார் மிகவும் வாதாடினார். “அவன் அசைஞ்சான், நான் கண்ணால பார்த்தேன், நிக்கவே இல்லையே!” என்றார். பார்த்தது உண்மை; எதிராளி அசைந்தான். ஆனால் அசையாமல் சிலைபோல் நின்றால்தான் தடுப்பவனுக்கு நியாயம் என்பது பார்வையாளர்களிடையே பரவிய ஒரு தப்பான எண்ணம். ஒருமுறை முறையாக இடம்பிடித்துவிட்டால் அவன் பின்வாங்கலாம், பக்கவாட்டில் நகரலாம், நேராக எழும்பவும் செய்யலாம். மோதல் அவன் நெஞ்சில் விழுந்து, அவன் முன்னோக்கிப் பாயாமல் இருந்தால், மோதியவன்தான் பொறுப்பு. இங்கே எதிராளி ஓரெட்டுப் பின்வாங்கிக்கொண்டிருந்தான். நம் பையன் சுழற்சியைத் தொடங்குமுன் தோளால் அவன் நெஞ்சில் ஓர் இடி கொடுத்து இடம் உண்டாக்கிக்கொண்டான்.

அந்த இடி எங்கிருந்து வந்தது என்பதை நான் அறிவேன். சடுகுடுவிலிருந்து வந்தது! அவன் சித்தப்பா சடுகுடுவில் கெட்டிக்காரர். பாடிப் போனவன் பிடிபட்டால் சுழன்று, திமிறி, தோளால் இடித்து நடுக்கோட்டுக்கு வந்து சேர்வதுதான் அங்கே வீரம். அங்கே உடம்பு படுவதுதான் ஆட்டம். கூடைப்பந்து பிறந்ததோ அதற்கு நேர்மாறான நோக்கத்தில். 1891-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் கூடத்துக்குள் அடைந்து கிடந்த முரட்டு மாணவர்களுக்காக இதை உண்டாக்கினார். பீச் பழக் கூடைகள் இரண்டை மாடத்தில் மாட்டினார். தரையோ கெட்டி, விழுந்தால் எலும்பு முறியும். ஆகவே அவர் எழுதிய 13 விதிகளில் தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, தட்டிவிடுவது எல்லாவற்றையும் விலக்கினார். பந்தோடு ஓடக்கூடாது என்றும் வைத்தார். ஓட முடியாதவன் என்ன செய்வான்? நின்ற காலில் திரும்பித்தானே பார்ப்பான்! இன்றைய சுழற்சிக்கு வேர் அங்கேதான்.

அந்த ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து தமிழர் மண்ணுக்கும் ஒரு நேர்வழி உண்டு. அங்கே பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியக் குழுவை அழைத்துச் சென்றவர்களில் அவரும் ஒருவர். அவர் கல்லூரியில் பயின்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் தென்னாட்டுப் பள்ளிகளுக்கெல்லாம் போனார்கள். சென்னையில் பிறந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் குழுவில் ஏறக்குறைய 18 ஆண்டுகள் ஆடி, அதற்குத் தலைமையும் தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கூடைப்பந்து நம் பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்று சொல்பவர்கள் அந்தப் பெண்ணின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். நம் மலேசியாவும் இந்த ஆட்டத்தில் இளப்பமான நாடல்ல. தென்கிழக்காசியாவில் பிலிப்பைன்சை அசைப்பது அரிது. அப்படியிருந்தும் 1979-இல் ஜகார்த்தாவிலும் 1989-இல் கோலாலம்பூரிலும் ஆடவர் தங்கத்தை நாம் வாங்கினோம்.

நான்காவது விசிலுக்கு வருகிறேன். பையன் இந்தமுறை கையை மடக்கியே வைத்திருந்தான். சுழன்று வெளிவரும்போது எதிராளியின் முழங்கால் பக்கவாட்டில் நீண்டு இவன் தொடையில் பட்டது. இருவரும் தடுமாறினார்கள். நடுவர் நம் பையன்மேல் ஊதினார். என் பார்வையில் அது தவறான தீர்ப்பு. முழங்கால் எதிராளியின் பீப்பாய்க்கு வெளியே வந்துவிட்டது. ஆனால் நடுவர் நின்ற இடத்திலிருந்து அவர் கண்டது பையனின் முதுகை மட்டுமே. அதுவரை மூன்றுமுறை மோதிய முதுகு அது.

இதைத்தான் அந்தத் தகப்பனாரிடம் விரிவாகப் பேசினேன். நாட்டில் பாரபட்சமே இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது; சொன்னாலும் அவர் நம்பமாட்டார். ஆனால் நான்கில் மூன்று விசில் எந்த இனத்துப் பையன் ஆடியிருந்தாலும் ஊதவேண்டிய விசில். அந்த மூன்றையும் ‘நம்ம புள்ளைங்கிறதால’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டால், பையன் தன் முழங்கையைத் திருத்திக்கொள்ள வழியே இல்லாமல் போகும். நான்காவதைக் கேட்கும் உரிமையும் நம்மிடம் மெலிந்துவிடும். அந்தப் பள்ளியின் பயிற்றுநர் ஒரு சீன ஆசிரியை. ஆட்டம் முடிந்தபின் பையனைத் தனியே அழைத்து, அந்த நான்காவது தீர்ப்பு தப்பு என்று அவராகவே சொன்னார். தகப்பனாரும் பக்கத்தில்தான் நின்றார். மூன்றைப் பற்றியும் அவர் சொன்னார். அப்போது தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார்.

தண்டனையையும் சொல்லிவிட வேண்டும். பந்துக்காரனே செய்யும் தவறுக்கு எதிர்க்குழுவுக்குத் தனி எறிதல் கிடையாது. பந்து மட்டும் அவர்களிடம் போகும். பந்து கையைவிட்டுப் போகுமுன் மோதியிருந்தால், அது கூடைக்குள் விழுந்தாலும் புள்ளி இல்லை. அந்த ஆட்டக்காரன் கணக்கில் ஒன்று ஏறும். ஐந்து ஏறினால் அவனுக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. நான்கோடு நம் பையனை உட்காரவைத்ததும் அதனால்தான். கூடைக்குக் கீழே 1.25 மீட்டர் ஆரத்தில் ஓர் அரைவட்டம் உண்டு. அதற்குள் தடுப்பவன் நின்று, பந்துக்காரன் அந்தரத்தில் வந்து மோதினால் அதை மோதல் குற்றமாக எடுப்பதில்லை. ஆனால் அங்கேயும் கையை நீட்டித் தள்ளினால் விசில்தான். பல பள்ளித் தளங்களில் அந்தக் கோடு அழிந்தே கிடக்கிறது, அது வேறு கதை. மோதாமலே மல்லாந்து விழுந்து நடிக்கும் தடுப்பாளர்களும் உண்டு. அந்த நடிப்புக்கும் விதியில் தண்டனை இருக்கிறது.

இனிப் பயிற்சி. இதற்குப் பணம் வேண்டாம். வெறுங்கையின் அக்குளில் ஒரு சிறு துண்டை இடுக்கிக்கொண்டு சுழலச் சொல்லுங்கள். துண்டு கீழே விழுந்தால் கை விரிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு முதல் எதிராளிக்குப் பதிலாக ஒரு நாற்காலியும், அதற்கு இரண்டெட்டுப் பின்னால் ஒரு காலி எண்ணெய்த் தகரமும் வையுங்கள். தகரத்தைத் தம்பியோ தங்கையோ இஷ்டம்போல் நகர்த்தட்டும். பையன் சுழலுமுன் ஒரு பார்வை, பாதி சுற்றியதும் தலையை மட்டும் முன்னால் திருப்பி இன்னொரு பார்வை பார்க்கவேண்டும். உடம்புக்கு முன் தலை வரவேண்டும். தகரம் வழியில் இருந்தால் அங்கேயே நின்று பந்தைக் கூட்டாளிக்குக் கொடுக்கப் பழகட்டும். வலைப்பந்து ஆடிய நம் பெண்பிள்ளைகளுக்கு இது சுலபமாக வரும். ஒரு காலை ஊன்றி மறு காலால் திரும்புவது அவர்களுக்குத் தமிழ்ப்பள்ளியிலேயே படிந்த பழக்கம். வலைப்பந்துக் கூடையின் உயரமும் இதே 3.05 மீட்டர்தான். தங்கைகளே, அண்ணனுக்கு நீங்களே கற்றுக்கொடுக்கலாம்!

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது பக்கக்கோட்டில் எல்லாரோடும் உட்காராதீர்கள். கூடைக்குப் பின்பக்கம், சற்றுத் தள்ளி நில்லுங்கள். இரண்டாவது ஆள் எப்போது வந்து கால் ஊன்றினான் என்பது அங்கிருந்துதான் தெரியும். பிள்ளையின் பந்தைப் பார்க்காமல் எதிராளியின் பாதங்களைப் பாருங்கள். விசில் ஊதியவுடன் நடுவரின் கைகளைக் கவனியுங்கள். மூடிய கையால் மறு உள்ளங்கையில் குத்தினால் உங்கள் பிள்ளை மோதினான். இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்தால் எதிராளி மறித்தான். முன்னால் இரு கைகளையும் ராட்டைபோல் சுற்றினால் மோதல் எதுவுமே இல்லை, கால் கூடுதலாக நடந்துவிட்டது. அதற்கு வேறு பயிற்சி இருக்கிறது. அடுத்த மாதம் எழுதுகிறேன்.